துண்டுச் சீட்டிலிருந்து பிரஜாவுரிமை வரை

"துண்டு" என்னும் சொல்லுக்கு நமது அகராதிகள் பல பொருள் கூறும். ஒன்றின் சிறு பகுதி, தோளிற் போடும் சால்வை, அவசரத்துக்கு எழுதியனுப்பும் சீட்டு என்பன அவற்றுட் சில. இலங்கையின் மலையகத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வழங்கியது. ஆங்கிலத் துரைமாரின் அறிக்கைகளிலும் அரசாங்கக் கட்டளைச் சட்டங்களிலும் அது மொழிபெயர்க்கப்படாமல் "துண்டு" என்றே அச்சேறியது. கல்வி, தொழில், குடியுரிமை ஆகிய மூன்றிலும் ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு பின்னே தள்ளப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள விரும்பும் நேயர்கள் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

கங்காணியின் கீழ் வேலைக்கு வந்த தொழிலாளி ஊரிலிருந்து புறப்படும்போதே கடனாளி. வழிச் செலவு, உணவு, உடை, முற்பணம் யாவும் அவன் பெயரில் ஏறியிருக்கும். "இந்தத் தொகையை இறுத்தால் இவர்களை விடுவிப்பேன்" என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அதை எடுத்துச் சென்று இன்னொரு தோட்டத்தில் நீட்டுவான். புதிய துரை பணத்தைக் கட்டுவார். கட்டிய பணம் புதிய தோட்டத்தின் கணக்கில் மீண்டும் தொழிலாளியின் கடனாகும். ஆக, துண்டு கைமாறியபோதெல்லாம் மனிதரும் கைமாறினர். அச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசிக்கத் தெரிந்தவர் அவர்களிடையே அரிது. 1920களின் தொடக்கத்தில் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும், தன் வாழ்வைத் தீர்மானிக்கும் காகிதம் தன் கையில் இல்லாமல் பிறர் கையில் இருப்பது என்ற நிலை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. அதன் பின்னர் வந்த வரலாறு முழுவதும் அந்த நிலையின் தொடர்ச்சியே என்பது இவ்வுரையின் கருத்து.

தென்னிந்தியத் தொழிலாளர் முதலில் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்து, பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர்களின் கணக்கு முழுமையாக எந்த ஏட்டிலும் இல்லை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியிற் கண்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்தது. தேயிலை கோப்பியைப் போன்றதன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் அதைப் பறிக்கக் கைகள் வேண்டும். எனவே ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. வந்துபோன கூலியாள் குடியிருப்பவன் ஆனது தேயிலையின் தேவையினால். அந்த மாற்றத்தைத் தோட்டக் கணக்கு ஏற்றுக்கொண்டது. நாட்டின் சட்டம் ஏற்கவில்லை.

இங்கே இன்னொரு உண்மையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பெருந்தோட்டங்கள் எழுந்தது வெறுமனே கிடந்த நிலத்திலன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டத்தினால் கண்டிக் கிராமத்தவர்கள் தமது சேனைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இழந்தனர். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நிலத்தை எடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும், அந்நிலத்தில் உழைத்தவர் கண்ணெதிரேயும் இருந்தமையால், கோபம் போய்ச் சேர்ந்த இடம் லயங்களாயிற்று.

இனிக் கல்வியை நோக்குவோம். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடமே ஒப்படைத்தன. கொழுந்துக் கூடைக்குக் கைகள் தேவைப்பட்டவரிடமே அந்தக் கைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையும் கொடுக்கப்பட்டது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் முடியும் படிப்பு. பல தோட்டங்களில் அந்த அறையும் இல்லை. காலைப் பெரட்டு முடிந்த பின்னர் பிள்ளைகள் எங்கு கூட்டப்பட்டார்களோ அதுவே பள்ளிக்கூடம். பத்து வயதைத் தாண்டியதும் பிள்ளையின் பெயர் செக்ரோலில் ஏறிவிடும்.

1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. இந்நாட்டின் ஏழைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டப் பாடசாலை அப்பெருந் திட்டத்துக்கு வெளியே நின்றது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க விரும்பிய பிள்ளை அட்டனுக்கோ பண்டாரவளைக்கோ மாத்தளைக்கோ போகவேண்டும். அங்கே கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கு போய்ச் சேர்வதற்குப் பேருந்துக் காசும், தங்க இடமும், பிள்ளையின் ஒருநாட் சம்பளத்தை இழக்கத் துணியும் வீடும் வேண்டியிருந்தன. 1960ஐ அடுத்து அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவற்றைப் பொறுப்பேற்கும் வேலை தொடங்கி, 1980ஐ ஒட்டிப் பெரும்பாலும் நிறைவெய்தியது. இலவசக் கல்வி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே அது லயத்து வாசலை எட்டியது எனலாம்.

தொழில் வாய்ப்பிலும் இதே கதைதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணிகளைக் குடியானவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வந்தது. இந்தியத் தொழிலாளர் அதன் பயனைப் பெறவில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக வேலை செய்த இந்தியரை நீக்க முடிவு செய்யப்பட்டது. அதன் தொடர்பாகவே அவ்வாண்டு ஜூலை மாதம் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். பேச்சு பலிக்கவில்லை. ஆனால் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றிணைந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அதற்கு முன்பே கோ. நடேசையர் தமது பத்திரிகையாலும் தொழிற்சங்கத்தாலும் தோட்டங்களின் இரும்புக் கதவுகளைத் தட்டியிருந்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலையைப் பாட்டாகப் புனைந்து கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாத மக்களுக்குத் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு விரைவாகப் போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். மொத்தக் குடித்தொகையில் 11.7 சதவீதம். இலங்கைத் தமிழர் தொகையிலும் அது சற்று அதிகம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் உட்பட இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் பலர் வெற்றி பெற்றனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணை நின்றன. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை வாசிப்பவர் அதில் எந்த இனத்தின் பெயரையும் காணமாட்டார். எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்றையே அது கூறுகிறது. இந்நாட்டிற் பிறந்தவர் தம் தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும். பார்வைக்கு நியாயமான கேள்வி. ஆனால் அக்காலத்தில் தன் தந்தையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டக்கூடியவர் சிங்களக் கிராமத்திலும் யாழ்ப்பாணத்துக் குடாநாட்டிலும் எத்தனை பேர்? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டது லயத்தில் இருந்தவனிடம் மட்டுமே.

பரீட்சை மண்டபத்தில் நிற்கும் ஆசிரியர் எவருக்கும் இது எளிதில் விளங்கும். எல்லோரிடமும் ஒரே வினாவைக் கேட்பது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் விடை எழுதும் தாளைச் சிலருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து "நீங்கள் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டால் அது பரீட்சையாகாது. தோட்டத் தொழிலாளிக்கு எழுத்தைக் கொடுக்காமலும், பிறப்பைப் பதிவதில் அக்கறை காட்டாமலும் வைத்திருந்து, பின்னர் எழுத்திலே ஆதாரம் கேட்டது அந்தச் சட்டம். கல்வியில் இழைத்த அநீதி குடியுரிமையில் அறுவடையானது.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுமூலம் குடியுரிமை பெறும் வழியொன்றைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கே வசித்திருக்கவேண்டும். மனைவி மக்களின் வதிவையும் நிரூபிக்கவேண்டும். பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கிய மனைவி, தாயின் மரணத்துக்குப் போய்த் தாமதித்துத் திரும்பிய கணவன் ஆகியோரின் பயணங்கள் வழக்குகளாயின. செக்ரோலில் ஒரு விதமாகவும் பங்கீட்டுப் புத்தகத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர் இரு மனிதரின் பெயராகக் கொள்ளப்பட்டது. எழுதியவர் தோட்டத்துக் கிளாக்கர், தண்டனை பெயருக்குரியவருக்கு. அதே 1948இல் இயற்றப்பட்ட குடிவரவு குடியகல்வுச் சட்டத்தினால், கடல் கடந்து உறவினரைப் பார்க்கச் சென்றவர் மீண்டும் தாம் பிறந்த லயத்துக்கு வர அனுமதி கேட்கவேண்டியவரானார். ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. 1960களின் முற்பகுதி வரையில் குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமையற்றவரின் வாக்கையும் பறித்தது. 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் செய்தது, பயன் கிட்டவில்லை. கோடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் கோமறை மன்றம் வரை சென்று 1953இல் தோற்றது. தன் பிரஜைகள் யாவர் என வரையறுக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்றது மன்றம். சட்டத்தின் சொற்களில் இனத்தின் பெயர் இல்லாமை அங்கே சட்டத்தைக் காப்பாற்றியது. 1947இல் தேர்தலில் வென்ற நுவரெலியாவின் பிரதிநிதி மக்கள் வாக்கினால் மறுபடி பாராளுமன்றம் செல்ல 1977 வரை, முப்பது ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம்; இலங்கைக்கு 3 இலட்சம். மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டிலர். இலங்கையில் இருக்க விரும்பி விண்ணப்பித்தவர் தொகை ஒதுக்கப்பட்ட தொகையை வெகுவாக மிஞ்சியது என்பதே அவர்களுடைய பதில். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புது வாழ்வு தேடினர். இங்கே "இந்தியாக்காரர்" எனப்பட்டவர்கள் அங்கே "சிலோன்காரர்" ஆயினர். தமது பதவியும் தொகுதியும் பறிபோகக் கண்ட சி.வி. வேலுப்பிள்ளை இந்த வரலாற்றை "நாடற்றவர் கதை" என்று எழுதினார். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப் அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதினார். காகிதத்தில் இடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு இலக்கியக் காகிதத்தில் இடம் தந்தவர்கள் இவர்கள்.

இந்த இடத்தில் வடபகுதித் தமிழராகிய நாம் நம்மையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம், அமைச்சரவையிற் சேர்ந்த பின்னர் வந்த 1949ஆம் ஆண்டின் வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். இப்பிரச்சினையில் அவரோடு முரண்பட்டு எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் நண்பர்களும் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இன்று அவர்களுக்கு நேர்வது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என்று செல்வநாயகம் எச்சரித்தார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தையே நம்பியிருந்த யாழ்ப்பாணத்து வீடுகள் அப்போதுதான் அடைபடும் கதவின் ஓசையைக் கேட்டன.

1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் என்று எல்லை வகுக்கப்பட்டது. அந்த 21 புள்ளி வித்தியாசம் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அது அநீதி என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அந்த ஆண்டில், க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் வாய்ப்புள்ள தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தனர்? அவர்களைத் தரப்படுத்த எவரும் புள்ளி எண்ணவேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே தரப்படுத்தி முடிந்திருந்தது. நாம் "திறமை" என்று பெருமையோடு சொன்னதன் பின்னே 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், நாவலர் வழிவந்த சைவப் பாடசாலைகளும், ஊர்தோறும் எழுந்த கல்லூரிகளும் ஒன்றரை நூற்றாண்டாக நின்றன. திறமை பொய்யன்று, ஆனால் அது வானத்திலிருந்து விழுந்ததுமன்று.

அந்தக் கல்லூரிகளின் கதவுகள் தம் ஊரிலேயே ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு எளிதில் திறக்கவில்லை என்பதும், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சமஆசனம் என்ற எளிய நீதிக்கே எதிர்ப்புக் கிளம்பியது என்பதும் நமது வரலாற்றின் பகுதிகள். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களை நமது வயல்களில் வேலைக்கு வைத்துக்கொண்டோம். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லையும் நாவில் வைத்துக்கொண்டோம். அச்சொல் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எனினும் குடியுரிமைச் சட்டம் செய்த வேலையை அதுவும் தன்னளவிற் செய்தது.

காகிதம் மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காது எஞ்சிய 94 ஆயிரம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்க 1986இலும், தொடர்ந்து 1988இலும் சட்டங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் குடியுரிமை தந்தது. ஏறக்குறைய 1 இலட்சத்து 68 ஆயிரம் பேர் அதனால் பயன்பெறுவர் என மதிப்பிடப்பட்டது. பாராளுமன்றம் அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. 1948இல் பூட்டிய கதவைத் திறக்க 55 ஆண்டுகள் சென்றன.

கதவு திறந்த பின்னரும் வாசலில் தடைகள் இருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுதல் இயலாதிருந்தது. வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்தவர்களின் பாதையைச் செப்பனிட அச்சபைக்கு அதிகாரம் இல்லை. 2018இலேயே அது திருத்தப்பட்டது. லயத்துக்குத் தனி முகவரி இல்லாமையால், நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் தோட்டத்து அலுவலகத்தில் கிடந்து நாள் கடந்த பின்னர் கைக்கு வந்த கதைகள் மலையகமெங்கும் உண்டு. துண்டுச் சீட்டின் வாரிசு அந்தக் கடிதம். போரினால் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றவர்களிலும் மலையக வம்சாவளியினர் பல்லாயிரவர். 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே குறிப்பிட்டது. பாட்டன் பிறந்த மண்ணுக்குத் திரும்பியும் அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

மாற்றங்களையும் மறைக்கக் கூடாது. சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியால் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்கியது. லயத்திற் பிறந்த பிள்ளைகள் வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் வந்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் கடனோடு நடந்த பாதையில் பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு நடந்தார்கள்.

ஒருவன் ஏன் படிக்கவில்லை என்று கேட்கும்போது, அவனுடைய பள்ளிக்கூடம் எந்த வகுப்புடன் முடிந்தது என்றும் கேட்கவேண்டும். ஏன் உத்தியோகம் பெறவில்லை என்று கேட்கும்போது, அவனுடைய கடிதம் யார் கையில் தங்கியது என்றும் கேட்கவேண்டும். ஏன் உரிய பத்திரம் இல்லை என்று கேட்கும்போது, அதை எழுதிக் கொடுக்கவேண்டியவர் யார் என்றும் கேட்கவேண்டும். கல்வி, தொழில், குடியுரிமை என்று மூன்று திணைக்களங்களாக நாம் பிரித்து வைத்திருப்பவை ஒரு மனிதனின் வாழ்வில் ஒன்றுக்கொன்று திறப்பாகவோ பூட்டாகவோ அமைகின்றன. மலையகத் தமிழரின் வரலாறு இதைத்தான் சொல்கிறது. நமது வகுப்பறைகளில் தரப்படுத்தலைப் பற்றிக் கற்பிக்கும் அதே பாடவேளையில் துண்டைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்வோமாயின், நமக்கு நேர்ந்த அநீதியை அவர்கள் இன்னும் தெளிவாக விளங்கிக்கொள்வார்கள். பிறருக்கு நேர்ந்ததையும் அறிவார்கள்.